திருச்சியிலிருந்து பலாலிக்கு 184 கிலோமீட்டர். அதற்கு ஏன் ஒரு மணி நேரம்?

கேள்வி இதுதான்: திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம்? கேட்டவர் தாம் தேடிப் பார்த்ததையும் சொல்லியிருக்கிறார். இணையக் கணிப்பான் ஒன்று 184 கிலோமீட்டர், 44 நிமிடம் என்கிறது. வேறொன்று 193 கிலோமீட்டர் என்கிறது. கையிலுள்ள பயணச்சீட்டிலோ புறப்பாட்டுக்கும் வருகைக்கும் இடையே ஒரு மணி நேரம் இருக்கிறது. முதன்முறையாக விமானம் ஏறும் வயதான தாயாரைத் தனியே அனுப்புவதால், பலாலியில் காத்திருக்கப்போகும் உறவினர்களுக்கு எந்த நேரத்தைச் சொல்வது என்பது அவருடைய உண்மையான கவலை.

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் 184 கிலோமீட்டர். விமானம் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பி மீண்டும் தரையைத் தொடும் வரை ஏறத்தாழ 30 முதல் 35 நிமிடம் ஆகும். சீட்டில் உள்ள ஒரு மணி நேரம் தவறானதன்று. அது வேறொன்றை அளக்கிறது. தூரம் என்பது புவியியல் தரும் ஒரே எண். நேரம் அப்படியல்ல, எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறோம் என்பதைப் பொறுத்து அதற்கு மூன்று நான்கு விடைகள் உண்டு, எல்லாமே சரியானவை. விமானங்களுக்குப் பயணத் திட்டம் தயாரிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இந்த எண்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தூரத்தை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். திருச்சி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 10.765 டிகிரியிலும் கிழக்குத் தீர்க்கரேகை 78.710 டிகிரியிலும் இருக்கிறது. பலாலி 9.792 டிகிரி வடக்கு, 80.070 டிகிரி கிழக்கு. அட்சரேகையில் வித்தியாசம் 0.973 டிகிரி, ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர் என்று கொண்டால் தெற்கு நோக்கி 108 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் வித்தியாசம் 1.36 டிகிரி. தீர்க்கரேகைக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கி வருவதால், நம்முடைய பத்தாம் அட்சரேகைப் பகுதியில் ஒரு டிகிரிக்கு 109.4 கிலோமீட்டர்தான் வரும். ஆகவே கிழக்கு நோக்கி 149 கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கைப் போட்டால் கர்ணத்தின் நீளம் 184 கிலோமீட்டர் என்று வந்துவிடும். உலகம் உருண்டை என்பதைக் கணக்கில் எடுக்கும் பெருவட்டச் சூத்திரத்தைப் பயன்படுத்தினாலும் இதே விடைதான், ஏனென்றால் இவ்வளவு குறைந்த தொலைவில் பூமியின் வளைவால் ஏற்படும் மாற்றம் மிகமிகச் சொற்பம். விமானம் நான்கு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறதே, அதனால் தூரம் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். கூடும், ஆனால் முழு வழிக்கும் சேர்த்துச் சில நூறு மீட்டர் அளவில்தான் கூடும்.

இந்த 184 கிலோமீட்டரை விமானத் துறையில் யாரும் கிலோமீட்டரில் பேசுவதில்லை. அங்கே கடல் மைல்தான் அளவு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் இது 99 கடல் மைல். சாலையில் நாம் சொல்லும் சாதாரண மைலில் 114. இணையத்தில் ஒரே வழிக்கு 99 என்றும் 114 என்றும் இரண்டு 'மைல்' எண்கள் தென்பட்டால் குழம்ப வேண்டாம். இரண்டு மைல்களும் வெவ்வேறு.

அப்படியானால் 193 எங்கிருந்து வந்தது? அது ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரம். மலைக்கோட்டையை ஒரு முனையாகவும் யாழ்ப்பாண நகரத்தை மறு முனையாகவும் வைத்து அளந்தால் 193 கிலோமீட்டர் வரும். திருச்சியின் விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. பலாலியோ யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், குடாநாட்டின் வடகரையை ஒட்டி இருக்கிறது. இரண்டு நிலையங்களும் தத்தம் நகரங்களைவிட ஒன்றுக்கொன்று நெருக்கமாக அமைந்திருப்பதால் விமான நிலையங்களுக்கிடையிலான தூரம் குறைகிறது. பயணிக்கு இது பயனுள்ள தகவல்: யாழ்ப்பாண நகரத்துக்குப் போகிறவர் பலாலியில் இறங்கிய பிறகு தெற்கு நோக்கி அந்த 16 கிலோமீட்டரைச் சாலையில் திரும்பப் போக வேண்டும். காங்கேசன்துறை, தெல்லிப்பழை, வசாவிளான் பக்கம் போகிறவர்களுக்கு விமான நிலையமே வீட்டு வாசல் போன்றது.

வரைபடத்தில் அந்த நேர்க்கோட்டை வரைந்து பார்த்தால் அது எவற்றின் மேல் போகிறது என்பது தெரியும். திருச்சியிலிருந்து தென்கிழக்காக, திசைகாட்டியில் 126 டிகிரியில், புதுக்கோட்டைக்கு வடகிழக்கே நகர்ந்து, பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்காக இறங்கி, அதிராம்பட்டினத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் இடையே கரையைத் தாண்டுகிறது. அதுவரை நிலம் ஏறத்தாழ 83 கிலோமீட்டர். அடுத்து வருவதெல்லாம் கடல், கிட்டத்தட்ட 95 கிலோமீட்டர். கீரிமலை, காங்கேசன்துறைப் பக்கம் மீண்டும் கரை தெரிகிறது. அங்கிருந்து ஓடுபாதை சில கிலோமீட்டர்தான். இடப்பக்கச் சன்னலில் இருப்பவருக்கு வானம் தெளிவாக இருந்தால் கோடியக்கரை முனை தெரியும். வலப்பக்கத்தில் பாக் விரிகுடாவும், இறங்கும் நேரத்தில் காரைநகர் உள்ளிட்ட தீவுகளும் தெரியும். பிற்பகல் பறப்பில் வெயில் வலப்பக்கம் அடிக்கும் என்பதால் தாயாருக்கு இடப்பக்க இருக்கையைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் விமானம் இந்தக் கோட்டின் மேல் அப்படியே போவதில்லை. நேரத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதல் காரணம் ஓடுபாதையின் திசை. திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. நீளம் ஏறத்தாழ 2,480 மீட்டர். விமானம் எப்போதும் எதிர்காற்றில்தான் கிளம்ப விரும்பும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வருவதால் மேற்கு நோக்கி ஓடிக் கிளம்ப வேண்டியிருக்கும். போக வேண்டிய இடமோ தென்கிழக்கில். கிளம்பிப் பாதுகாப்பான உயரம் எட்டி, பெரிய வளைவாகத் திரும்பி, மறுபடி விமான நிலையத்தின் அருகாகக் கடந்து போகும்போது நான்கைந்து நிமிடம் செலவாகியிருக்கும். தூரத்திலோ பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடியிருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்கு நோக்கிக் கிளம்பும்போது இந்தச் சுற்று பெரும்பாலும் இல்லை. பலாலியின் ஓடுபாதை வடகிழக்கு, தென்மேற்காக அமைந்தது. நம் விமானம் வடமேற்கிலிருந்து வருகிறது, அதாவது ஓடுபாதைக்கு ஏறத்தாழ குறுக்காக. ஆகவே எந்தப் பக்கமிருந்து இறங்கினாலும் ஒரு பெரிய திருப்பம் கட்டாயம். தென்மேற்குக் காற்றில் ஓடுபாதையின் கடலோர முனைக்கு அப்பால் போய் வளைந்து வர வேண்டும். வடகிழக்குக் காற்றில் குடாநாட்டின் மேற்குப் பக்கமாகச் சுற்றி வர வேண்டும்.

இரண்டாவது காரணம் வான்வெளி எல்லை. நிலத்தில் நாட்டு எல்லை இருப்பதைப் போல வானத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டுப்பாட்டு மையம் பொறுப்பு. தமிழ்நாட்டின் மேலுள்ள வான்வெளி சென்னை மையத்தின் கையிலும், இலங்கையின் மேலுள்ளது கொழும்பு மையத்தின் கையிலும் இருக்கிறது. ஒரு மையம் மற்றொன்றிடம் விமானத்தை ஒப்படைப்பது முன்பே தீர்மானித்த புள்ளிகளில், முன்பே ஒத்துக்கொண்ட உயரத்தில் நடக்கும். அந்தப் புள்ளி நம் நேர்க்கோட்டின் மேல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இவ்வளவு குறுகிய வழியில் திருச்சி விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம், சென்னை மையம், கொழும்பு மையம், பலாலிக் கட்டுப்பாட்டுக் கோபுரம் என்று பேச வேண்டியவர்கள் வரிசையாக வந்துவிடுவதால், விமானிகளுக்கு அரை மணி நேரம் முழுவதும் வேலைதான்.

இப்போது 44 நிமிடக் கணக்குக்கு வருவோம். இணையக் கணிப்பான்கள் பலவும் ஒரே சூத்திரத்தை எல்லா வழிகளுக்கும் பயன்படுத்துகின்றன: தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, கிளம்பவும் இறங்கவும் 30 நிமிடம் கூட்டிவிடுவது. 184 ஐ 800 ஆல் வகுத்தால் 14 நிமிடம். அதனுடன் 30 சேர்ந்து 44. சென்னையிலிருந்து டெல்லிக்கோ சிங்கப்பூருக்கோ இந்தச் சூத்திரம் ஓரளவு சரியான விடை தரும். இங்கே அது பொருந்தாது. 44 என்ற எண் உண்மைக்கு அதிகத் தூரத்தில் இல்லை என்பது தற்செயல். அதற்குள் இருக்கும் இரண்டு பகுதிகளும் இந்த வழிக்கு உரியவை அல்ல. மணிக்கு 800 கிலோமீட்டர் என்பது ஏர்பஸ், போயிங் போன்ற ஜெட் விமானங்களின் வேகம். திருச்சி, பலாலி வழியில் 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ தொடங்கிய சேவையில் பறப்பது ஏடிஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம். மிக வேகமாகப் போனாலும் மணிக்கு 500 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். 2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது, ஓடுபாதை இந்த அளவு விமானத்துக்கு ஏற்றவாறுதான் சீரமைக்கப்பட்டது. அதற்கடுத்த மாதம் சென்னையிலிருந்து சேவை தொடங்கிய அலையன்ஸ் ஏர் நிறுவனமும் இதே வகை விமானத்தைத்தான் கொண்டுவந்தது.

ஏடிஆர் விமானம் இந்த 99 கடல் மைலை எப்படிக் கடக்கிறது என்பதைத் துண்டு துண்டாகப் பார்த்தால் நேரத்தின் உண்மை விளங்கும். நான் கீழே தருவது ஒரு திட்டமிடுபவரின் மதிப்பீடு. ஒவ்வொரு நாளும் சில நிமிடம் முன்பின் ஆகும்.

தென்கிழக்காகப் போகும் விமானத்துக்கு ஒற்றைப்படை உயரங்கள் ஒதுக்கப்படும் என்பது விதி. ஆகவே 13,000 அடி அல்லது 15,000 அடி பொருத்தமானது. திரும்பி வரும்போது இரட்டைப்படை, 14,000 போல. எதிரெதிரே வருபவை ஒரே உயரத்தில் சந்திக்காமல் இருப்பதற்கான எளிய, பழைய ஏற்பாடு இது. 13,000 அடி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்குச் சராசரியாக 1,300 அடி ஏறினால் மேலே போய்ச் சேரப் பத்து நிமிடம். ஏறும்போது விமானம் முழு வேகத்தில் இருக்காது; அந்தப் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 33 கடல் மைல் முன்னேறியிருக்கும். இறங்குவது இன்னும் நிதானமானது. 3 டிகிரிச் சரிவில், ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 300 அடி வீதம் இறங்குவதே வழக்கம். அந்தச் சரிவில் 13,000 அடியைக் கரைக்க 42 கடல் மைலும் பதினொரு பன்னிரண்டு நிமிடமும் தேவை. ஏற்றத்துக்கு 33, இறக்கத்துக்கு 42, ஆக 75 கடல் மைல் போய்விட்டது. சமமான உயரத்தில் முழு வேகத்தில் பறக்க எஞ்சுவது 24 கடல் மைல், ஐந்தரை நிமிடம். அதாவது விமானத்தின் வேகம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அந்த வேகத்தில் அது பறப்பது இந்த வழியில் ஐந்தாறு நிமிடம் மட்டுமே. மூன்றையும் கூட்டினால் 27 நிமிடம். இரு முனைகளிலும் உள்ள திருப்பங்களுக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம் சேர்த்தால் 32 முதல் 35 நிமிடம். காற்றும் ஓடுபாதையும் ஒத்துழைக்கும் நாளில் அரை மணியில் சக்கரம் தரையைத் தொட்டுவிடும்.

ஜெட் விமானம் விட்டால் நேரம் பாதியாகுமா என்ற கேள்வி அடுத்து வரும். ஆகாது. ஜெட் விமானமும் ஏற வேண்டும், இறங்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேக வரம்புக்குள் போக வேண்டும். 184 கிலோமீட்டரில் அதன் முழு வேகத்தைக் காட்டவே இடமில்லை. மிஞ்சிப் போனால் ஐந்து நிமிடம் மிச்சமாகலாம். அதற்கு ஈடாக எரிபொருள் பல மடங்கு செலவாகும். குறுந்தொலைவுக்குச் சுழல்விசிறி விமானத்தைப் பயன்படுத்துவது பழமையின் அடையாளம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். என் மதிப்பீட்டில் இந்த வழிக்கு அதைவிடப் பொருத்தமான விமானம் இல்லை.

தூரம் குறையக் குறைய நேரத்தின் மேல் அதன் பிடி தளர்ந்துகொண்டே போகும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாபா வெஸ்ட்ரேக்கும் இடையே 2.7 கிலோமீட்டர்தான், உலகின் மிகக் குறுகிய அட்டவணைச் சேவை அது. பறப்பு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. பயணி ஏறி அமர்வதற்குத்தான் அதைவிட அதிக நேரம். நம் பக்கத்திலேயே ஒப்பிட வேண்டுமானால் சென்னை, பலாலி வழியைப் பாருங்கள். அங்கே தூரம் 355 கிலோமீட்டர், திருச்சி வழியைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அட்டவணை நேரமோ ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரைதான்.

இனி பயணச்சீட்டில் உள்ள ஒரு மணி நேரம். அட்டவணையில் அச்சாகும் புறப்பாட்டு நேரம் விமானம் வானில் எழும் நேரம் அன்று. நிற்கும் இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை எடுத்து, விமானம் முதல் அடி நகரும் நேரம் அது. வருகை நேரமும் அப்படியே: மறுமுனையில் நின்று, கட்டை போட்ட நேரம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதைத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். திருச்சியில் இயந்திரத்தை இயக்கி, ஓடுபாதை முனை வரை ஊர்ந்து, முன்னால் வேறு விமானம் இறங்கினால் காத்திருந்து கிளம்புவதற்கு ஆறு முதல் பத்து நிமிடம் ஆகும். பலாலியில் போக்குவரத்து குறைவு. ஓடுபாதையை விட்டு வெளியேறி நிற்க நான்கைந்து நிமிடம் போதும். வானில் 35 நிமிடத்தையும் இதையும் சேர்த்தால் 45 முதல் 50 நிமிடம். மீதிப் பத்து நிமிடம் நிறுவனம் எச்சரிக்கையாக வைத்துக்கொள்ளும் இடைவெளி.

இந்த இடைவெளியை ஏமாற்று என்று சிலர் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அப்படிப் பார்ப்பது நியாயமில்லை. ஒரே ஏடிஆர் விமானம் ஒரு நாளில் ஐந்தாறு முறை பறக்கிறது. காலையில் எங்கோ ஓர் ஊரில் ஏற்பட்ட பத்து நிமிடத் தாமதம் மாலை வரை வளர்ந்துகொண்டே போகாமல் இருக்க, ஒவ்வொரு பறப்பிலும் கொஞ்சம் நேரம் கையிருப்பாக வைத்தே ஆக வேண்டும். அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் சரியான நேரத்தில் வந்ததாகவே துறையில் கணக்கெடுப்பார்கள். ஆகவே உங்கள் தாயாரின் விமானம் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே பலாலியில் நின்றால் வியப்படைய வேண்டாம். பத்து நிமிடம் பின்னதாக நின்றால் கவலைப்படவும் வேண்டாம்.

காற்றைப் பற்றியும் கேட்பார்கள். தொலைதூரப் பயணங்களில் காற்று ஒரு மணி நேரத்தைக்கூட மாற்றிவிடும். இங்கே அதன் பங்கு சிறியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கீழ் உயரங்களில் பலமாக வீசும். மேற்கிலிருந்து 30 நாட் வேகத்தில் காற்று வந்தால், தென்கிழக்காகப் போகும் விமானத்துக்கு அதில் ஏறத்தாழ 24 நாட் பின்னிருந்து தள்ளும் உதவியாகக் கிடைக்கும். திரும்பி வரும் விமானத்துக்கு அதே 24 நாட் எதிர்ப்பு. கணக்குப் போட்டால் போகும்போது இரண்டு மூன்று நிமிடம் லாபம், வரும்போது ஏறத்தாழ மூன்று நிமிடம் நட்டம். அவ்வளவே. மேற்கு நோக்கிக் கிளம்ப வேண்டிய கட்டாயத்தால் திருச்சியில் இழக்கும் நான்கைந்து நிமிடம் இந்த லாபத்தை விழுங்கிவிடும்.

மழை வேறு விஷயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேகம் தாழ்ந்தால் விமானம் வானில் வட்டமடித்துக் காத்திருக்கும், அல்லது திருச்சியிலேயே கிளம்பாமல் நிற்கும். விதிப்படி இத்தகைய விமானம், சேருமிடத்துக்குப் போகும் எரிபொருளோடு, அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குப் போகவும், அதற்கு மேல் 30 நிமிடம் காத்திருக்கவும் போதுமான எரிபொருளைச் சுமக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள்: 35 நிமிடப் பறப்புக்காகச் சுமக்கும் எரிபொருளைவிட அவசரத்துக்காகச் சுமப்பது அதிகம். மழைநாளில் தாமதம் என்று அறிவித்தால் அதை ஆபத்தின் அறிகுறியாகக் கொள்ளாதீர்கள். கையிருப்பு இருக்கும்போதே பொறுமையாக முடிவெடுக்கிறார்கள் என்பதே அதன் பொருள்.

கால வேறுபாடு குறித்து இரண்டு வரி. இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரத்தில்தான் இருக்கின்றன. உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே சீட்டில் உள்ள வருகை நேரத்திலிருந்து புறப்பாட்டு நேரத்தை அப்படியே கழித்துக்கொள்ளலாம். இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1996 மே மாதத்தில் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அதே ஆண்டு அக்டோபரில் அதை அரை மணி நேரமாகக் குறைத்தது, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் நம்முடைய நேரத்துக்கே வந்தது. பழைய பயணக் குறிப்புகளைப் படிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நேரத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு தூரத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு இந்த வழித்தடத்தின் மேல் தனிப் பற்று உண்டு. பலாலி புதிய விமான நிலையம் அன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம் அது. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவை, டக்கோட்டா விமானத்தில், கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை அருகிலுள்ள இந்தத் தளத்தில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே அந்தக் காலத்திலேயே விமானம் போய்வந்தது. பிறகு போரும் அதைச் சார்ந்த சூழலும் வந்து இந்த வழி பல பத்தாண்டுகள் மூடிக் கிடந்தது.

அந்த ஆண்டுகளில் திருச்சிக்காரர் யாழ்ப்பாணம் போக வேண்டுமானால் கொழும்பு வழியாகப் போக வேண்டியிருந்தது. திருச்சியிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் 419 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து வடக்கே யாழ்ப்பாணத்துக்குச் சாலையிலோ ரயிலிலோ ஏறத்தாழ 400 கிலோமீட்டர். தலையைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதைப் போல 820 கிலோமீட்டர் சுற்றி, ஒரு பகலும் பெரும்பாலும் ஓர் இரவும் செலவழித்து, 184 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊரை அடைந்தார்கள். 2019க்குப் பிறகு சென்னை வழி ஒன்று கிடைத்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அதிலும் திருச்சியிலிருந்து சென்னைக்கு 294, சென்னையிலிருந்து பலாலிக்கு 355 என்று வானில் மட்டும் 650 கிலோமீட்டர். நேரடிச் சேவை வந்தபோது 184 என்ற எண் புதிதாக எதுவும் ஆகிவிடவில்லை, அது என்றும் அப்படியேதான் இருந்தது. பயணி அதைப் பயன்படுத்த முடிந்தது என்பதே புதிது. திருமணம், சிகிச்சை, இறப்பு என்று அக்கரைக்கும் இக்கரைக்கும் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்; அவர்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதை எந்தக் கணிப்பானும் காட்டாது.

கடல்வழியையும் ஒப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைக் கேட்பவர்களில் பலர் அடுத்து அதையும் கேட்பார்கள். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. கடல் தூரம் 60 கடல் மைல் அளவில், அதாவது 111 கிலோமீட்டர். பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். திருச்சியிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மூன்று மணி நேரச் சாலைப் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் மூட்டைகளோடு போகிறவர்களுக்கு அது நல்ல வழி. தனியே போகும் முதியவருக்கு விமானத்தையே பரிந்துரைப்பேன்.

இப்போது உங்கள் கேள்வியின் உண்மையான பகுதி. வீட்டிலிருந்து வீடு வரை கணக்கிட்டால் பறக்கும் 35 நிமிடம் மிகச் சிறிய துண்டு. இது சர்வதேசப் பயணம். எனவே புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகத் தாயாரைத் திருச்சி விமான நிலையத்தில் சேர்த்துவிடுங்கள். பயணப்பை கொடுக்கும் முகப்பு, புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் அல்லது அதற்கும் முன்பே மூடப்படும். 'ஒரு மணி நேரப் பயணம்தானே' என்று தாமதமாக வந்து விமானத்தைத் தவறவிடுவது இத்தகைய குறுகிய வழிகளில்தான் அதிகம் நடக்கிறது. நடக்கச் சிரமம் இருந்தால் சக்கர நாற்காலியை முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள். ஏடிஆர் விமானத்தில் பயணிகள் ஏறும் கதவு வால்பக்கத்தில் இருக்கிறது. அதற்குச் சில படிகள் உண்டு, உதவியாளர் இருந்தால் எளிது. பின்வரிசையில் இருக்கை எடுத்தால் உள்ளே அதிகம் நடக்க வேண்டியிராது, இறங்கும்போதும் முதலில் இறங்கலாம்.

அட்டவணை ஆண்டுக்கு இருமுறை, மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையும், மாறுவது உலக வழக்கம். திருச்சிச் சேவை தொடங்கிய 2025 மார்ச் 30 கூட அத்தகைய ஞாயிறுதான். ஆகவே பல மாதங்களுக்கு முன் எடுத்த சீட்டாக இருந்தால் பயணத்துக்கு முந்தின நாள் நேரத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பலாலி உறவினர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: சீட்டில் உள்ள வருகை நேரத்துக்கே அவர்கள் வாசலுக்கு வந்துவிடலாம், அதற்கு முன் வர வேண்டியதில்லை. விமானம் சற்று முன்னதாக நின்றாலும் குடிவரவுச் சோதனை, பயணப்பை, சுங்கம் எல்லாம் முடிந்து தாயார் வெளியே வர அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். யாழ்ப்பாண நகரத்திலிருந்து வருபவர்கள் அந்தப் 16 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் வைத்துக் கிளம்பினால் போதும். அவர் விமானம் ஏறியதும் உங்களுக்கு ஒரு அழைப்பு விடுக்கச் சொல்லுங்கள். அந்த அழைப்பு வந்த பிறகு நீங்கள் அவர்களுக்குத் தகவல் சொன்னாலும், நகரத்திலிருந்து கிளம்பி வந்து சேர அவர்களுக்கு நேரம் இருக்கும்.